தேனைவிடப் பெரிய கொடை

(வானொலியில் ஆற்றிய மறைச் சிந்தனையின் எழுத்து வடிவம்)



மே மாதம் 20ஆம் நாளை உலகத் தேனீ நாளாகக் கொண்டாட வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் அவை 2017இல் முடிவு செய்தது. சுலோவேனியா நாட்டில் 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அன்டோன் யான்சா என்ற தேனீ வளர்ப்பாளரின் நினைவாக அந்த நாளைத் தேர்ந்தார்கள். அவர் எந்த நாளில் பிறந்தார் என்பதற்குப் பதிவு இல்லை; 1734 மே 20 அன்று அவருக்குத் திருமுழுக்குக் கொடுத்த பதிவு மட்டும் கோயில் ஏட்டில் இருந்தது. அதற்கு நான்கு நாள் கழித்து, மே 24, திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள் 2015இல் ‘இறைவா, உமக்கே புகழ்’ என்ற சுற்றுமடலில் கையெழுத்திட்ட நாள். இரண்டும் ஒரே வாரத்தில் வருவதால், இன்று தேனீயைப் பற்றி உங்களோடு பேசலாம் என்று நினைத்தேன்.

தேனீ என்றதும் நமக்குத் தேன் நினைவுக்கு வருகிறது. விவிலியத்தில் பழகியவர்களுக்குப் பாலும் தேனும் பொழியும் நாடு நினைவுக்கு வரும். அங்கே சொல்லப்படும் தேன் பேரீச்சம்பழப் பாகுதான் என்று கருதும் அறிஞர்கள் பலர் உண்டு. ஆனால் 2007இல் யோர்தான் பள்ளத்தாக்கில் தெல் ரெகோவ் என்ற இடத்தில் அகழ்வாராய்ச்சி செய்தபோது, சுடாத களிமண்ணும் வைக்கோலும் சேர்த்துச் செய்த தேன்கூட்டு உருளைகள் வரிசை வரிசையாகக் கிடைத்தன. ஏறக்குறைய 3000 ஆண்டுகளுக்கு முந்தியவை அவை. எனவே தேனீ வளர்ப்பு அந்த மக்களுக்குப் புதிதல்ல. தேன் மிகுந்த நாடு என்றால் என்ன பொருள்? பூக்கள் மிகுந்த நாடு. பூக்கும் நாடு, பூத்தது காய்க்கும் நாடு. நான் இன்று பேச விரும்புவது அந்தக் காய்ப்பைப் பற்றித்தான். தேனைப் பற்றிப் பேச ஆட்கள் இருக்கிறார்கள், விளம்பரங்களும் இருக்கின்றன.

வீட்டுப் பின்புறத்தில் பூசணிக் கொடி போட்டிருக்கிற தாய்மார்கள் இதைக் கவனித்திருப்பீர்கள். கொடியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. ஆண் பூ நீண்ட காம்பில் நிமிர்ந்து நிற்கும். பெண் பூவின் அடியில் சிறிய உருண்டையாகப் பிஞ்சு முன்பே இருக்கும். இரண்டும் விடியும்போது விரியும், வெயில் ஏறியதும் சுருங்கிவிடும். அந்தச் சில மணி நேரத்துக்குள் ஆண் பூவின் மகரந்தம் பெண் பூவுக்குப் போய்ச் சேர வேண்டும். பூசணியின் மகரந்தம் கனமானது, ஒட்டிக்கொள்வது. காற்று அதைத் தூக்கிச் செல்லாது. யாராவது சுமந்து கொண்டுபோக வேண்டும். அதுவும் ஒருமுறை வந்து போனால் போதாது, பலமுறை வர வேண்டும். யாரும் வராவிட்டால் பிஞ்சு மஞ்சளித்து, வெம்பி, விழுந்துவிடும். அரைகுறையாக வந்தால் காய் ஒரு பக்கம் பருத்து ஒரு பக்கம் சூம்பிப் போகும். நாம் கண் பட்டுவிட்டது என்போம். உரக்கடைக்காரர் சத்துக் குறைவு என்று ஒரு பாக்கெட் கொடுப்பார். வர வேண்டிய விருந்தாளி வரவில்லை என்பதை யாரும் சொல்வதில்லை.

அந்த விருந்தாளி செய்வதைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். தேனீ பூவுக்கு உதவி செய்யவேண்டும் என்று வருவதில்லை. தன் கூட்டிலுள்ள புழுக்களுக்கு உணவு தேடி வருகிறது. பூந்தேன் அதற்கு அரிசி என்றால், மகரந்தம் பருப்பு. பூவுக்குள் புகுந்து எழும்போது அதன் உடம்பிலுள்ள மயிர்களில் தூள் அப்பிக்கொள்கிறது. பறந்துகொண்டே கால்களால் அதைச் சீவி எடுத்து, பின்னங்கால்களில் உள்ள கூடைகளில் உருண்டையாக அடைக்கிறது. எவ்வளவு சீவினாலும் கால் எட்டாத இடங்களில் கொஞ்சம் தூள் மிஞ்சிவிடும். அந்த மிச்சம்தான் அடுத்த பூவில் உதிர்கிறது. ஒரு பயணத்தில் பெரும்பாலும் ஒரே வகைப் பூவைத்தான் நாடும் பழக்கம் அதற்கு இருப்பதால், பூசணித் தூள் பூசணிக்கே போய்ச் சேர்கிறது. தேனீ சீவி எடுக்க முடியாமல் விட்ட அந்தத் தூள்தான் நம் வீட்டுக் கூட்டும் பொரியலும்.

இதை யோசிக்கும்போது எனக்கு ரூத்து நினைவுக்கு வருகிறார். அறுவடை செய்யும்போது வயலின் ஓரத்தை முழுக்க அறுக்காதீர்கள், சிந்தியதைப் பொறுக்காதீர்கள், அது ஏழைக்கும் அந்நியருக்கும் உரியது என்று லேவியர் நூல் கட்டளையிடுகிறது. பெத்லகேமில் போவாசின் வயலில் அப்படிச் சிந்திய கதிர்களைப் பொறுக்கித்தான் ரூத்து தன் மாமியாருக்கும் தனக்கும் சோறு தேடினார். அவருடைய வழிமரபில் தாவீதும், தாவீதின் மரபில் நம் ஆண்டவரும் பிறந்தார்கள். படைப்பின் தலைவர்கள் நாம் என்று சொல்லிக்கொள்கிறோம். உண்மையில் தேனீயின் வயலில் சிந்தியதைப் பொறுக்கிப் பிழைக்கிற ரூத்து நாம்தான்.

தொடக்கநூலின் முதல் அதிகாரத்தில் கடவுள் மனிதருக்கு உணவு கொடுக்கும் இடத்தை மறுபடி வாசித்துப் பாருங்கள். வெறும் செடி, வெறும் மரம் என்று அங்கே சொல்லப்படவில்லை. விதை தரும் செடிகளும், விதையுள்ள கனி தரும் மரங்களும் நமக்கு உணவாகக் கொடுக்கப்படுகின்றன. விதை உண்டாக மகரந்தம் சேர வேண்டும். அதைச் சேர்ப்பவர்களையும் அதே ஆண்டவர்தான் படைத்தார், மனிதருக்கு முன்பே படைத்தார்.

இங்கே ஒரு விஷயம். தேனீ அழிந்தால் நான்கே ஆண்டுகளில் மனித இனம் அழிந்துவிடும் என்று ஐன்ஸ்டைன் சொன்னதாக வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. சில மேடைகளிலும் சொல்கிறார்கள். ஐன்ஸ்டைன் அப்படிச் சொன்னதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. தயவுசெய்து அதை அனுப்பாதீர்கள். நெல்லுக்குத் தேனீ வேண்டாம், காற்றும் பூவின் அமைப்புமே போதும். வாழை மகரந்தம் சேராமலே காய்க்கும். மரச்சீனி கிழங்கு, அதற்குப் பூவே தேவையில்லை. எனவே தேனீக்கள் போனாலும் கஞ்சியும் மரச்சீனியும் நமக்கு இருக்கும். தொட்டுக்கொள்ளத்தான் ஒன்றும் இருக்காது. பூசணி, பாகல், வெள்ளரி, முருங்கை, கொத்தமல்லி, எள், சூரியகாந்தி, மா, ஏலம் என்று அந்தப் பட்டியல் நீளும். உலகில் மனிதர் உண்ணும் முக்கியப் பயிர்வகைகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு, கொஞ்சமாவது பூச்சிகளையும் பறவைகளையும் போன்ற உயிர்களை நம்பியிருக்கின்றன. உண்மையே இவ்வளவு பெரிதாக இருக்கும்போது அதைப் பெருக்கிச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

தேனீ என்று ஒருமையில் பேசுகிறோமே தவிர, உலகில் 20,000க்கும் மேற்பட்ட தேனீ இனங்கள் உண்டு. கூட்டமாக வாழ்ந்து நமக்குத் தேன் தருபவை மிகச் சில. நம் ஊரில் மலைத்தேனீ, பெட்டியில் வளர்க்கும் அடுக்குத் தேனீ, கொம்புத்தேனீ, சுவர் இடுக்கில் குடியிருக்கும் கொசுத்தேனீ ஆகியவற்றைத் தெரியும். முருங்கைப் பூவுக்கு வரும் பெரிய கருவண்டு இருக்கிறதே, அதுவும் தேனீ இனம்தான். காய்ந்த கட்டையில் துளை போட்டு வாழும். உத்திரத்தைத் துளைக்கிறது என்று அதைத் துடைப்பத்தால் அடிப்போம், பிறகு முருங்கை காய்க்கவில்லை என்று வருத்தப்படுவோம். கத்தரிப் பூவின் மகரந்தம் சிறு குழாய்க்குள் அடைபட்டிருக்கும். தேன்பெட்டித் தேனீக்கு அதை உலுக்கி எடுக்கத் தெரியாது. வயிற்றில் நீலக் கோடுகள் உள்ள ஒரு சிறிய தேனீ பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரச் செய்யும், தூள் கொட்டும். இந்தத் தனித் தேனீக்களில் பெரும்பாலானவை மண்ணில் குழி தோண்டி முட்டையிடுகின்றன. இப்போது நம் கோயில் முற்றங்களைப் பாருங்கள். ஒரு சாண் மண் தெரியாமல் இன்டர்லாக் கல் பதித்துவிட்டோம். திருவிழாவுக்குச் சேறு இல்லாமல் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் கெபிக்குப் பின்னாலோ, கல்லறைத் தோட்டத்தின் ஓரத்திலோ, பத்தடி இடமாவது மண்ணாக விட்டுவைக்கலாம் அல்லவா? தும்பையும் துளசியும் முளைத்தால் முளைக்கட்டும். வயலின் ஓரத்தை விட்டுவைக்கச் சொன்ன கட்டளைக்கு நம் கோயில் வளாகம் விதிவிலக்கா?

திருச்சபைக்கும் தேனீக்கும் உள்ள உறவு பழையது. பீடத்தருகே இப்போது நின்று எரியும் பாஸ்கா திரியைப் பாருங்கள். உயிர்ப்புத் திருவிழிப்பில் பாடப்படும் பாஸ்கா புகழுரையின் இலத்தீன் மூலத்தில் தேனீ இருமுறை குறிப்பிடப்படுகிறது. ஆண்டின் மிகப் புனிதமான இரவில், வானகமும் வையகமும் மகிழும் அந்தப் பாடலில், இறைவனுக்குக் காணிக்கையாக்கும் ஒளி ஒரு பூச்சியின் உழைப்பு என்று நன்றியோடு சொல்கிறது திருச்சபை. இன்று கடையில் வாங்கும் மெழுகுதிரிகளில் பெரும்பாலானவை பெட்ரோலியத்திலிருந்து எடுத்த மெழுகு என்பது வேறு விஷயம்.

நம் தமிழகத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. தேன் எடுப்பது என்றால் முன்பெல்லாம் கூட்டை அறுத்து, அடையோடு பிழிவதுதான். புழுவும் முட்டையும் சேர்ந்து நசுங்கும், குடி அழியும். 1851இல் அமெரிக்காவில் லாங்ஸ்ட்ராத் என்ற போதகர், தேனீக்கள் தங்கள் அடைகளுக்கு நடுவே எப்போதும் ஒரு விரல் தடிமனுக்கும் குறைவான இடைவெளியை நடமாட விட்டுவைக்கின்றன என்பதைப் பயன்படுத்தி, சட்டங்களைத் தனித்தனியாகத் தூக்கி எடுக்கும் பெட்டியைச் செய்தார். அதனால் அடையை அழிக்காமல் தேன் எடுக்க வழி பிறந்தது. ஆனால் அந்தப் பெட்டி மேலைநாட்டுத் தேனீக்கு ஏற்றது. நம் அடுக்குத் தேனீ உருவில் சிறியது, குடும்பமும் சிறியது. திருச்சியில் இருந்த அருட்தந்தை நியூட்டன் என்ற குரு நம் தேனீயைப் பல காலம் கவனித்து, அதன் அளவுக்கு ஒரு சிறிய பெட்டியை வடிவமைத்தார். 1911 முதல் 1917 வரை பலருக்குப் பயிற்சியும் கொடுத்தார். தென்னிந்தியாவில் இன்றும் அதற்கு நியூட்டன் பெட்டி என்றே பெயர். தேனீயைத் தன் பெட்டிக்குள் திணிக்காமல், தேனீயைப் பார்த்துப் பெட்டி செய்தவர் அவர். இறையியல் கல்லூரியில் படைப்பின் மாண்பு என்று பல மணி நேரம் எங்களுக்குப் பாடம் நடந்தது. ஒரு நியூட்டன் பெட்டியைத் திறந்து காட்டியிருந்தாலும் நன்றாக இருந்திருக்கும்.

1920களில் மார்த்தாண்டத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் என்பவர் நடத்திய ஒய்.எம்.சி.ஏ. ஊரக மையம் தேனீ வளர்ப்பை ஏழை வீடுகளின் துணைத்தொழிலாக்கியது. 2023இல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது வரை அந்தக் கதை நீள்கிறது. நடுவில் ஒரு பேரிழப்பும் உண்டு. 1990களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் தென்னிந்தியா முழுவதும் பரவியது. கூட்டுக்குள்ளே புழுக்கள் நீர் நிறைந்த பை போல ஊதிச் செத்தன. பெட்டிகளில் இருந்த அடுக்குத் தேனீக் குடும்பங்களில் மிகப் பெரும்பாலானவை அழிந்தன. வெறும் பெட்டிகளைத் திண்ணையில் அடுக்கி வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போனவர்கள் பலர். நோய்க்குத் தாக்குப்பிடித்து எஞ்சிய சில குடும்பங்களைப் பிரித்துப் பிரித்து, பொறுமையாகப் பெருக்கித்தான் தொழில் மீண்டது.

அந்தத் தேனில் பெரும் பகுதி ரப்பர் மரத்திலிருந்து வருகிறது. அதுவும் பூவிலிருந்து அல்ல. தை, மாசியில் இலை உதிர்ந்து தளிர் வரும்போது, மூன்று சிற்றிலைகள் கூடும் காம்பு நுனியில் இனிப்பு நீர் சுரக்கும். தேனீ அதைச் சேர்க்கிறது. அந்தச் சில வாரங்கள் முடிந்தால் ரப்பர் தோட்டத்தில் தேனீக்கு அதிகம் கிடைக்காது. மழைக்காலத்தில் வளர்ப்பவர்கள் சீனிப்பாகு வைத்து உயிர் காக்கிறார்கள். எனவே கடையில் தேன் பாட்டில்கள் நிறைந்திருப்பதைப் பார்த்துத் தேனீக்கள் நலமாக இருக்கின்றன என்று சொல்லிவிட முடியாது. ஊரில் புளியும் புன்னையும் நாவலும் வேம்பும் நிற்கின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும்.

இனி மருந்துக்கு வருகிறேன். நான் இதைப் பேசும்போதெல்லாம் விவசாயிகள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “ஃபாதர், தேனீக்காக நான் மருந்து அடிக்காம இருந்தா, வங்கிக் கடனை யார் கட்டுவா?” நியாயமான கேள்வி. ஏ.சி. அறையில் இருந்துகொண்டு இயற்கை இயற்கை என்று பேசுபவர்கள் இதற்குப் பதில் சொல்வதில்லை. கடன் வாங்கிப் பயிரிட்டவனின் கண்ணீரையும் ஆண்டவர் காண்கிறார். அதனால் மருந்தே அடிக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. அந்த மருந்து என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள் என்கிறேன். இமிடாகுளோபிரிட் போன்றவை செடி முழுக்கப் பரவும் வகை. தெளித்த இலையில் மட்டும் நிற்பதில்லை. பூந்தேனிலும் மகரந்தத்திலும் போய்ச் சேரும். சாகாத அளவுக்கு இவ்வகை மருந்தை உண்ட தேனீகூடக் கூட்டுக்குத் திரும்பும் வழியை மறந்துவிடுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் இவ்வகை மருந்துகள் மூன்றைத் திறந்த வயல்களில் தெளிக்கத் தடை செய்தது. திருத்தந்தை பிரான்சிசும் தம் சுற்றுமடலில் இதைத் தொட்டிருந்தார்: விவசாயத்துக்கு உதவும் பூச்சிகளை நச்சால் அழித்துவிட்டு, அந்தக் குறையை ஈடுகட்ட இன்னொரு தொழில்நுட்பத்தைத் தேடுகிறோம், அதுவும் வேறொரு கேட்டைக் கொண்டுவரக்கூடும் என்பது அவருடைய கவலையாக இருந்தது. சீனாவின் ஹன்யுவான் பகுதியில் பேரிக்காய் மரங்களில் ஏறி, குச்சி நுனியில் இறகு கட்டி, பூப்பூவாக மனிதர்கள் மகரந்தம் தடவுகிறார்கள். கூலி ஏறினால் அதுவும் கட்டாது.

என் வேண்டுகோள் சிறியது. பயிர் பூத்திருக்கும்போது தெளிக்காதீர்கள். தெளித்தே ஆகவேண்டும் என்றால், தேனீக்கள் கூடு திரும்பிய பிறகு, பொழுது சாய்ந்த பின் தெளியுங்கள். காலைப் பொழுதை அவற்றுக்கு விட்டுவிடுங்கள். பக்கத்துத் தோட்டத்தில் யாராவது தேன்பெட்டி வைத்திருந்தால் முந்தின நாளே ஒரு வார்த்தை சொல்லுங்கள்; அவர் பெட்டியை இரவில் மாற்றிக்கொள்வார். கடன் கட்ட வேண்டியவர் அவரும்தான். அடிக்க வேண்டாத நேரத்தில் அடித்த மருந்துக்கும் காசு போகிறது என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, கோயில் கோபுரத்தில் கூடு கட்டும் மலைத்தேனீக்களைப் பற்றி. பல பங்குகளில் இது ஆண்டுதோறும் வருகிற பிரச்சினை. இவை ஆபத்தில்லாதவை என்று சொல்லமாட்டேன். எதிரிகள் தேனீக்களைப்போல் சூழ்ந்துகொண்டதாகத் திருப்பாடலில் புலம்புகிறவருக்கு அந்த அனுபவம் தெரிந்திருக்கிறது. நூற்றுக்கணக்கில் கொட்டினால் உயிர் போகும். ஆகவே அன்பியக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, குழந்தைகள் நடமாடும் இடம் ஃபாதர், இரவோடு இரவாகச் சூட்டுக் கட்டி எரித்துவிடலாம் என்று சொன்னால், அவர் தேனீக்கு எதிரி அல்லர், பயந்த தகப்பன். அவருக்கு நாம் பதில் சொல்ல வேண்டும்.

என் பதில் இதுதான். அந்தக் கூட்டிலுள்ள பல்லாயிரம் தேனீக்களும் பகலில் கோபுரத்தில் உட்கார்ந்திருப்பதில்லை. கிலோமீட்டர் கணக்கில் பறந்து, ஊரிலுள்ள புளியிலும் தென்னையிலும் நம் வீட்டுப் பூசணியிலும் வேலை செய்துவிட்டு வருகின்றன. சீண்டாதவரை பெரும்பாலும் நம்மைக் கண்டுகொள்வதில்லை. கல்லெறியும் புகையும் பேரொலியும்தான் அவற்றைக் கிளப்புகின்றன. பூக்காலம் முடிந்து மழை பிடித்ததும், யாரும் விரட்டாமலே அடையை விட்டு இடம்பெயர்ந்துவிடும். பள்ளி வாசலுக்கு நேரே, கைக்கெட்டும் உயரத்தில் இருந்தால் தீயணைப்பு நிலையத்துக்கோ, தேனீக்களைக் கையாளத் தெரிந்தவர்களுக்கோ சொல்லுங்கள். எட்டாத உயரத்தில் இருந்தால், அது எந்தப் பக்கம் என்று ஒரு பலகை எழுதி வையுங்கள், பிள்ளைகளுக்கு ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் சொல்லுங்கள், அந்தப் பக்கக் கதவைச் சில வாரங்கள் பூட்டி வையுங்கள்.

அதற்குள் திருவிழா வந்துவிட்டால், கொடியேற்றத்துக்கு வைக்கும் அதிர்வேட்டைக் கோபுரத்தடியில் வைக்காமல் தூரத்து மைதானத்துக்குக் கொண்டுபோங்கள். தேர்ப்பவனி வழக்கம்போல இருட்டிய பிறகு புறப்படட்டும், ஆனால் டியூப்லைட்டுகளைக் கோபுரத்தின் அந்த மூலையில் மட்டும் கட்டவேண்டாம் என்று பந்தல்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பெரிய மணி கூட்டுக்குப் பக்கத்தில் தொங்கினால், அந்தப் பத்து நாளும் சின்ன மணி அடித்தாலும் மக்கள் பூசைக்கு வருவார்கள்.

இறைவன் உங்களையும் உங்கள் நிலங்களையும் ஆசீர்வதிப்பாராக.